ஏழு வீட்டுச் சாப்பாடும் ஒரு மேடையும்



நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மாதத்துக்கு முன் வந்த ஒரு செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "காலை ஆறு மணிக்கே மேல்வீட்டில் மிருதங்கம். ஞாயிற்றுக்கிழமையாவது தூங்க விடுங்கள்." அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அவற்றில் ஒன்று என்னுடையது. அன்று மாலையே அந்தப் பையனின் அம்மா, "மன்னிக்கவும், இனி வீட்டில் வாசிக்க மாட்டான்" என்று எழுதிவிட்டார். மறுநாளிலிருந்து சத்தம் இல்லை.

சில வாரம் கழித்து லிஃப்டில் பையனைப் பார்த்தேன். "கிளாஸுக்குப் போறியா தம்பி?" என்று கேட்டேன். "போறேன் அங்கிள். ஆனா வீட்டுல பிராக்டிஸ் பண்ண முடியல. சார் திட்டுறார்" என்றான். மூன்றாவது மாடியில் இறங்கிப் போய்விட்டான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இந்த இதழுக்கு நம் பகுதியின் பழைய ஏரிகளைப் பற்றி எழுதுவதாக ஆசிரியர் குழுவிடம் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். இந்த முறை வேறொரு வரலாறு. இசை கற்கும் பிள்ளைகளை நம் ஊர்களில் இதுவரை யார் தாங்கினார்கள்? சாப்பாடு யார் போட்டார்கள்? சம்பளம் யார் கொடுத்தார்கள்? முதல் மேடையை யார் தந்தார்கள்? படித்துப் பார்த்தால், நம்மைப் போன்ற சாதாரணக் குடித்தனக்காரர்களுக்கு அதில் எவ்வளவு பங்கு இருந்தது என்பது உங்களுக்கும் தெரியும்.

அரிசி போட்ட கைகள்

கர்நாடக இசை என்றதும் தஞ்சாவூர் அரண்மனையைத்தான் முதலில் நினைக்கிறோம். அது தவறில்லை. மராட்டிய மன்னர்கள் காலத்தில் பாடகர்களுக்கும் நட்டுவனார்களுக்கும் அங்கே மானியமும் மரியாதையும் இருந்தன. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் அந்த அரசவையில் இருந்தவர்கள்தான்.

ஆனால் அதே காலத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்த திருவையாற்றில், தியாகராஜர் வேறு வழியில் வாழ்ந்தார். உஞ்சவிருத்தி என்பது அந்த வழி. பாடிக்கொண்டே தெருவில் போவார். வீட்டுக்காரர்கள் ஒரு கை அரிசி போடுவார்கள். அந்த அரிசியில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. அவரிடம் கற்க வந்த சீடர்களும் அதில்தான் சாப்பிட்டார்கள் என்று மரபாகச் சொல்வார்கள். அரண்மனை அழைப்பை அவர் ஏற்கவில்லை என்ற கதை எல்லாருக்கும் தெரியும். அழைப்பை மறுத்த பிறகும் பாட்டு நடந்ததற்குக் காரணம் அந்தத் தெருக்காரர்கள். அவர்கள் பெயர் எதுவும் எங்கும் பதிவாகவில்லை.

இதன் இன்னொரு வடிவம் வாரச் சாப்பாடு. உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வெளியூரிலிருந்து படிக்க வந்த ஏழைப் பையன் திங்கட்கிழமை ஒரு வீட்டில், செவ்வாய்க்கிழமை இன்னொரு வீட்டில் என்று வாரம் முழுக்க ஏழு வீட்டில் சாப்பிடுவான். வேதம் படிப்பவன், பள்ளிக்கூடத்தில் படிப்பவன், பாட்டு கற்பவன் எல்லாரும் இப்படி வளர்ந்திருக்கிறார்கள். எந்த வீட்டுக்கும் இது பெரிய பாரமில்லை. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு இலை. அந்த வழக்கம் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் செலவைப் பலராகப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த முறை நல்ல முறை.

மணலியில் ஒரு பையனும் வயலினும்

இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நினைக்கவே முடியாது. அது மேற்கத்திய வாத்தியம். நம் மேடைக்கு அது வந்து சேர்ந்த கதையில், சென்னைக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு கல்வி உதவி இருக்கிறது.

முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசாமி தீட்சிதரை, மணலி முத்துகிருஷ்ண முதலியார் திருவாரூரிலிருந்து தம் ஊருக்கு அழைத்து வந்து குடும்பத்தோடு ஆதரித்தார். அவர் காலத்துக்குப் பிறகு அவர் மகனும் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. இளையவரான பாலுசுவாமிக்கு வயலினில் மனம் போயிற்று. அவருக்கென ஓர் ஐரோப்பிய ஆசிரியரை அமர்த்தி, முதலியார் வீட்டார் சம்பளம் கொடுத்தார்கள். பாலுசுவாமி அதைக் கற்று, நம் இசைக்கு ஏற்றபடி வாசித்துப் பழகினார். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். அவருக்குத் திருவிதாங்கூரில் சுவாதித் திருநாளின் ஆதரவு இருந்தது.

அந்தப் பேண்டு மெட்டுகளைக் கேட்டு அண்ணன் முத்துசுவாமி அமைத்த பாடல்களே நோட்டுஸ்வரங்கள். உங்கள் வீட்டுக் குழந்தை பாட்டு வகுப்பில் சேர்ந்திருந்தால் முதல் வருடத்திலேயே அவற்றில் ஒன்றைப் பாடியிருக்கும்.

ஒரு பையனுக்கு ஒரு வாத்தியார் சம்பளம். அவ்வளவுதான் செலவு. அதன் பலனை இருநூறு வருடமாக எல்லாக் கச்சேரியிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சபா என்பதும் ஒரு சங்கம்தான்

1855-ல் தஞ்சாவூர் அரசு முடிந்துபோனது. வாரிசு இல்லை என்று கம்பெனி எடுத்துக்கொண்டது. அரண்மனையை நம்பியிருந்த வித்வான்கள் பல ஊர்களுக்கும் பிரிந்தார்கள். அவர்களில் பலர் காலப்போக்கில் சென்னைக்கு வந்தார்கள். இங்கே ராஜா இல்லை. வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வியாபாரிகள், பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள். தனியாக ஒரு வித்வானை வைத்துக் காப்பாற்ற இவர்களில் பெரும்பாலோருக்கு வசதி இல்லை. எனவே சேர்ந்து சந்தா போட்டார்கள். சபா பிறந்தது இப்படித்தான்.

ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா 1900-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கியது. இன்று இயங்கும் சென்னை சபாக்களில் அதுவே மூத்தது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928 ஆகஸ்ட் 18 அன்று மியூசிக் அகாடமி தொடங்கி வைக்கப்பட்டது. டிசம்பர் சீசன் என்று நாம் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது. கச்சேரி நடத்தினால் மட்டும் போதாது, கற்றுக்கொடுப்பவர்களையும் உருவாக்க வேண்டும் என்று 1931-ல் அகாடமி ஆசிரியர் பயிற்சிக்கென ஒரு இசைக் கல்லூரியைத் தொடங்கியது. டைகர் வரதாச்சாரியார் அதன் முதல்வர்.

சபா என்றால் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். தொடக்கத்தில் பல சபாக்களுக்குச் சொந்த இடமே கிடையாது. பள்ளிக்கூடக் கூடம், கோயில் மண்டபம், கீற்றுக் கொட்டகை என்று கிடைத்த இடத்தில் நடத்தினார்கள். செயலாளர் ஒருவர், பொருளாளர் ஒருவர், வருடத்துக்கு ஒரு பொதுக்குழு, சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியல். நமக்கு நன்றாகத் தெரிந்த கதைதானே!

திருவையாற்றில் ஒரு சண்டை

எல்லாருக்கும் மேடை சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாளின் கதையைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது.

அவர் தேவதாசி மரபில் பிறந்து, பாடிச் சம்பாதித்து, சென்னையில் செல்வாக்கோடு வாழ்ந்தவர். தியாகராஜரின் சமாதி பராமரிப்பில்லாமல் கிடக்கிறது என்று அறிந்து, தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு 1920களில் அங்கே கோயில் எழுப்பினார். ஆனால் அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாட முடியாது. கோயில் கட்டிய அவருக்கும் அதே விதிதான். அவர் பேசாமல் ஒதுங்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். பெரிய கட்சி, சின்னக் கட்சி, பெண்கள் கட்சி என்று திருவையாற்றில் சில காலம் மூன்று ஆராதனைகள் நடந்தன. 1940களின் தொடக்கத்தில் எல்லாம் ஒன்றாயின. பெண்கள் பாடும் உரிமையும் நிலைத்தது.

இன்று திருவையாற்றில் முன்னணி வித்வான் பாடிவிட்டு இறங்கிய அதே மேடையில் பெயர் தெரியாத ஒரு சிறுமி ஏறிச் சில நிமிடம் பாடுகிறாள். அந்தச் சில நிமிடத்துக்காக வெளியூர்களிலிருந்து இரவு பஸ் ஏறி வருகிறார்கள். நாகரத்தினம்மாள் 1952-ல் மறைந்தார். அவருடைய நினைவிடமும் திருவையாற்றிலேயே இருக்கிறது. அடுத்த முறை போனால் அங்கேயும் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

குருவின் வீட்டிலிருந்து கல்லூரிக்கு

குருகுலத்தில் சேர வேண்டுமானால் குருவுக்குப் பிடிக்க வேண்டும், குடும்பத் தொடர்பு வேண்டும், பல சமயம் சாதியும் பார்ப்பார்கள். விண்ணப்பம் போட்டுச் சேரலாம் என்ற நிலையைக் கல்லூரிகள் கொண்டுவந்தன. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். தமிழ்ப் பாடல்களுக்கும் மேடையில் இடம் வேண்டும் என்ற இயக்கம் வலுத்து, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. 1949-ல் அரசே மத்திய கர்நாடக இசைக் கல்லூரியைத் தொடங்கி, முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராக நியமித்தது.

சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரலை மார்கழி மாதத்தில் நம் பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கியில் கேட்கிறோம். அவர் தமிழ் இசைச் சங்கத்தின் கல்லூரியில் படித்து 'இசைமணி' ஆனவர். பிறகு அரசின் இசைக் கல்லூரியிலும் படித்தார்.

மேடை தந்தவர்கள்

கற்பது பாதி. மீதிப் பாதி, நான்கு பேர் முன்னால் உட்கார்ந்து பாடுவது. வீட்டில் தப்பில்லாமல் பாடும் பிள்ளை மேடையில் தாளத்தைத் தவற விடும். அது போகப் போகத்தான் சரியாகும். அதற்குப் பல மேடைகள் வேண்டும்.

நாகஸ்வரக் குடும்பங்களில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. சிறுவன் முதலில் ஒத்து ஊதுவான், தாளம் போடுவான். சுவாமி புறப்பாட்டில் பெரியவர்களோடு தெருத் தெருவாக நடந்து, இரவு முழுக்கக் கேட்டே பாதி கற்றுவிடுவான்.

பாட்டுக் கச்சேரியில் செம்பை வைத்தியநாத பாகவதரைச் சொல்வார்கள். பாலக்காடு மணி ஐயர் பதினைந்து வயதைத் தொடும் முன்பே சென்னையில் செம்பையின் கச்சேரிக்கு மிருதங்கம் வாசித்தார். சின்னப் பையன் என்று செம்பை தயங்கவில்லை. மேடையில் உற்சாகப்படுத்திக்கொண்டே பாடினார். மிருதங்கத்தின் வரலாற்றையே மாற்றிய கைகள் அவை. பிற்காலத்தில் ஜேசுதாஸையும் அதேபோல அரவணைத்தவர் செம்பை.

1981 டிசம்பரில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி, ஆந்திராவிலிருந்து வந்த பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மேடை தந்தது. கையில் மின்சார மேண்டலின். கர்நாடக இசைக்கு அது சரிவருமா என்று சந்தேகப்பட நியாயம் இருந்தது. கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். அவர்தான் மேண்டலின் ஸ்ரீநிவாஸ்.

1980களின் நடுவில், பெரியவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திராமல் இளைஞர்களே ஒரு சங்கம் வைத்தார்கள். இளைஞர் சாஸ்திரிய இசைச் சங்கம் என்று சொல்லலாம், ஒய்.ஏ.சி.எம். என்றால்தான் ரசிகர்களுக்குத் தெரியும். விஜய் சிவா, சஞ்சய் சுப்ரமணியன், உன்னிகிருஷ்ணன் போன்றவர்கள் அதில் வளர்ந்தவர்கள். கடல் கடந்தும் இது நடந்தது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத் தமிழர்களும் மற்ற இந்தியர்களும் 1978-ல் சிறிதாகத் தொடங்கிய தியாகராஜ ஆராதனையில், இப்போது அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் போட்டிகளில் கலந்துகொண்டு மேடையும் ஏறுகிறார்கள்.

நம் சென்னையில் இளையோருக்கு டிசம்பர் சீசனில் மதியக் கச்சேரி உண்டு. பெரும்பாலும் அனுமதி இலவசம். நீங்கள் போயிருக்கிறீர்களா? நானும் பல வருடம் கேண்டீன் வரைதான் போயிருக்கிறேன். கேண்டீனில் இலைக்கு வரிசை நிற்கும். உள்ளே பாடும் பெண்ணுக்கு முன்னால் இருபது பேர் இருப்பார்கள், அவர்களிலும் பாதிப் பேர் உறவினர். கிடைக்கும் சன்மானம் பக்கவாத்தியத்துக்கும் ஆட்டோவுக்கும் போதாது. மேடைக்குப் பாடுபவரிடமே பணம் கேட்கும் இடங்களும் உண்டு என்று இசை வட்டாரத்தில் பல காலமாக வருத்தப்படுகிறார்கள். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது.

இன்று என்ன வழி இருக்கிறது?

உங்கள் வீட்டில் அல்லது தெரிந்த வீட்டில் இசை கற்கும் பிள்ளை இருந்தால் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் கலாச்சார வள மற்றும் பயிற்சி மையம், சி.சி.ஆர்.டி., 1982 முதல் கலைத்திறன் தேடல் உதவித்தொகை வழங்கி வருகிறது. 10 முதல் 14 வயதுள்ள பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். தேர்வானால், முன்னேற்றத்தைப் பார்த்து 20 வயது வரை நீட்டிப்பார்கள். 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகம் இரண்டு ஆண்டுகளுக்குத் தனி உதவித்தொகை தருகிறது.

தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை பல மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளிகளை நடத்துகிறது. குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறார்கள். கட்டணம் மிகக் குறைவு. சின்னக் குழந்தைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்களில் சனி, ஞாயிறு வகுப்புகள் உண்டு. நன்றாகத் தேறியவர்கள் அகில இந்திய வானொலியின் குரல் தேர்வுக்குப் போகலாம். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்; விதிகள் மாறும்.

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிறு காலையில் மைக் இல்லாத குழந்தைகள் கச்சேரி நடந்ததை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். செடிகளுக்கு நடுவே ஒரு விரிப்பு. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள்தான் ரசிகர்கள். வாடகை இல்லை, ஒலிபெருக்கி இல்லை.

நம் வளாகத்தில்

இவ்வளவு நீளமாக எழுதியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வரும் பொதுக்குழுவில் மூன்று விஷயங்களை முன்மொழிய விரும்புகிறேன்.

முதலாவது, சாதகத்துக்கு ஓர் இடம். ஜெனரேட்டர் அறைக்கு மேலே, பழைய நாற்காலிகள் அடைந்து கிடக்கும் அறையைச் சுத்தம் செய்து தரலாம். மாலை நான்கு முதல் எட்டு வரை பாட்டோ மிருதங்கமோ கிதாரோ கீபோர்டோ, எதை வேண்டுமானாலும் பிள்ளைகள் அங்கே வாசிக்கட்டும். யார் தூக்கமும் கெடாது.

இரண்டாவது, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பூங்கா மேடையில் ஒரு மணி நேரக் கச்சேரி. மைக் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். நாற்பது நாற்காலியும் சுண்டலும் போதும். சாஸ்திரிய இசைதான் என்று கட்டாயம் இல்லை. திருவையாற்றில் பெண்களை வெளியே நிறுத்திய தவறை நாம் வேறு பெயரில் செய்ய வேண்டாம்.

மூன்றாவது, ஒரு சிறு நிதி. நம் 240 வீடுகளும் மாதம் பத்து ரூபாய் போட்டால் வருடத்துக்கு 28,800 ரூபாய். ஒரு பிள்ளைக்கு வகுப்புக் கட்டணம் கட்டலாம், வாத்தியத்தைப் பழுது பார்த்துத் தரலாம். பிள்ளை குடியிருப்போர் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காவலர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், தோட்டக்காரர் ஆகியோரின் பிள்ளைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அவர்களை முதலில் பார்க்க வேண்டும். கணக்கு மெயின்டனன்ஸ் கணக்கோடு சேராமல் தனியாக இருக்கட்டும். நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடலாம்.

புகார் எழுதியவரையும் நேரில் பார்த்துப் பேசினேன். அவர் இரவு ஷிஃப்ட் முடிந்து அதிகாலையில் வந்து படுப்பவர். அவர் கேட்டது நியாயம்தான். "சாயங்காலம் வாசிச்சா எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல சார். அவன் இப்படி நிறுத்திடுவான்னு நான் நெனைக்கல" என்றார். நாற்காலி எடுத்துப் போட ஆள் வேண்டுமென்றால் கூப்பிடச் சொன்னார்.

பையனின் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். பொதுக்குழுவில் முடிவானால் சந்தோஷம் என்றார். அதுவரை மிருதங்கம் உறையிலேயே இருக்கும் என்றும் சொன்னார்.

பொதுக்குழுவுக்கு வாருங்கள். மூன்றில் எதற்கு மறுப்பு இருந்தாலும் அங்கே சொல்லுங்கள், பேசித் தீர்ப்போம். கட்டைவிரல் போடுவதோடு மட்டும் இந்த முறை நிறுத்திவிட வேண்டாம்.